மறைத்துக் குடிக்கும் குளிசை: மனப்பதற்ற மருந்தைப் பாதுகாப்பாகப் பயன்படுத்துவோம்

1990 ஒக்டோபரில் மன்னார் தீவிலிருந்து வள்ளமேறி கற்பிட்டிக் கரையில் இறங்கியபோது எனக்குப் பத்து வயது. உம்மாவுக்கு நெஞ்சுப் படபடப்பு தொடங்கியது அந்த நாட்களில்தான். பல வருடங்கள் கழித்து ஒரு டொக்டர் அவருக்கு அல்பிரசோலம் என்ற குளிசையை இரண்டு கிழமைக்கு எழுதிக் கொடுத்தார். நல்ல தூக்கம் வந்தது. அதனால் அந்தப் பழைய துண்டையே காட்டி வருடக்கணக்கில் வாங்கிக் கொடுத்தோம். "பைத்தியத்துக்கு மருந்து குடிக்கிறா" என்று ஊர் சொல்லும் என்ற பயத்தில் யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு ரமழானில் முதல் நோன்போடு உம்மா குளிசையை நிறுத்திவிட்டார். மூன்றாம் நாள் கை நடுங்கியது, வியர்த்துக் கொட்டியது, கண் மூடவில்லை. ஜின் என்று சிலர் சொன்னார்கள், ஓதிப் பார்த்தோம். ஐந்தாம் நாள் வலிப்பு வந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். திடீரென்று மருந்தை நிறுத்தியதுதான் காரணம் என்றார்கள். அல்ஹம்துலில்லாஹ், உம்மா தப்பினார்.

நான் வைத்தியர் அல்ல, ஆசிரியர். ஆனால் இது எங்கள் வீட்டோடு முடிந்த கதையல்ல. வெளியேற்றப்பட்டு புத்தளத்தில் வாழ்ந்த குடும்பங்களைச் சேர்ந்த 450 பேரிடம் நடத்தப்பட்டு 2013இல் வெளியான ஆய்வொன்று, அவர்களில் ஏறத்தாழ 19 சதவீதமானோரிடம் மனச்சோர்வு, மனப்பதற்றம், மனவேதனை உடல் நோவாக வெளிப்படுதல் போன்ற ஏதோவொன்று இருந்ததாகக் காட்டியது. அதனால் ஒவ்வொரு வீடும் அறிந்திருக்க வேண்டியவற்றை இங்கே தொகுத்துத் தருகிறேன்.

எந்த வகை மருந்து?

மனப்பதற்றத்துக்குக் கொடுக்கும் மருந்துகள் எல்லாம் ஒன்றல்ல. டயசபாம், அல்பிரசோலம், குளோனசபாம், லோரசபாம் ஆகியவை ஒரு வகை. அரை மணி, ஒரு மணி நேரத்தில் அமைதி தரும், ஆனால் உடல் அதற்குப் பழகிவிடும். பொதுவாக இவை இரண்டு முதல் நான்கு கிழமைக்கு மேல் தொடர வேண்டிய மருந்துகள் அல்ல. செர்ட்ரலின், எஸ்சிடலோபிராம், புளுஒக்செடின் போன்றவை இன்னொரு வகை. பலன் தெரிய சில கிழமைகள் ஆகும். முதல் நாட்களில் வயிற்றுக் குமட்டலோ அமைதியின்மையோ வரலாம். "வேலை செய்யவில்லை" என்று ஐந்தாம் நாளே விட்டுவிடக்கூடாது. இளவயதினர் இதைத் தொடங்கினால் தற்கொலை எண்ணம் ஏதும் வருகிறதா என்று வீட்டார் கவனிக்க வேண்டும்.

திடீரென்று நிறுத்தாதீர்கள்

நெடுநாள் குடித்தவர் தானாக நிறுத்துவது ஆபத்து. டொக்டர் அளவைப் படிப்படியாகக் குறைத்துத் தருவார். உம்மாவுக்கு அதற்கே பல மாதங்கள் சென்றன. ஒருவேளைக் குளிசை தவறினால், அடுத்த வேளை இரண்டாகப் போடவும் கூடாது.

எதோடு சேர்க்கக்கூடாது?

முதல் வகைக் குளிசைகளை டிரமடோல் போன்ற வலுவான நோவு மருந்துகளோடும், கொடீன் கலந்த இருமல் பாணியோடும் சேர்த்தால் மூச்சே தளர்ந்துவிடலாம். மதுவும் அப்படித்தான். நாம் சாதாரணமாகப் போடும் பிரிட்டன்கூட மயக்கத்தைக் கூட்டும். நாட்டு மருந்து உட்பட எல்லாவற்றையும் டொக்டரிடம் சொல்லுங்கள்.

யார் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்?

குளிசை போட்டுத் தூக்கம் வருபவர் மோட்டார் சைக்கிள், ஆட்டோ ஓட்டவோ, இரவில் கடலுக்குப் போகவோ கூடாது. வயதானவர்கள் இரவில் எழும்பி விழுந்து இடுப்பெலும்பு முறியலாம். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் முதலிலேயே டொக்டரிடம் சொல்ல வேண்டும். படபடப்புக்குக் கொடுக்கும் புரொப்ரனலோல், ஆஸ்துமா உள்ளவருக்கு ஆகாது.

உயர்தரப் பரீட்சை நேரத்தில் ராத்தாவின் குளிசையை வாங்கிப் போட்டுவரும் பிள்ளைகளைக் கண்டிருக்கிறேன். பயம் குறையலாம், ஆனால் படித்ததை நினைவில் நிறுத்தும் ஆற்றலையும் அந்த மருந்து குறைக்கும். ஒருவருக்கு எழுதிய மருந்து இன்னொருவருக்கு உரியதல்ல. குளிசைகளைப் பூட்டி வையுங்கள்.

ரமழானில்

நோன்புக்குச் சில கிழமைகள் முன்பே டொக்டரைப் பாருங்கள். நாளொன்றுக்கு ஒருமுறை போடும் மருந்தை இப்தாருக்குப் பின்னரோ ஸஹரிலோ மாற்றிக்கொள்ள முடியும். முடியாத நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. நோன்புக்காக நம்மை நாமே ஆபத்தில் தள்ளும்படி அது கேட்கவில்லை.

அவசரத்தில்

அளவுக்கு மீறிக் குடித்துவிட்டாலோ, எழுப்பியும் எழும்பாவிட்டாலோ, வலிப்பு வந்தாலோ 1990 சுவசெரிய அம்பியூலன்ஸை அழையுங்கள். குளிசை அட்டையையும் கையோடு கொண்டு செல்லுங்கள். மனம் தாங்காத நேரத்தில் பேச, தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கம் இருக்கிறது. அரச வைத்தியசாலைகளின் மனநலக் கிளினிக்கில் காசு கேட்கமாட்டார்கள்.

மேலே சொன்ன ஆபத்துகளில் பெரும்பாலானவை மறைப்பதால் வருபவை. ஊருக்கு மறைத்தோம், அதனால் டொக்டரிடமும் திரும்பிப் போகவில்லை. சீனி வருத்தத்துக்கு மருந்து குடிப்பதை நாம் ஒளிப்பதில்லையே. மருந்து செய்யச் சொல்லித் தந்த மார்க்கம் நம்முடையது. ஓதிப் பார்ப்பதும் துஆ கேட்பதும் நல்லதே, ஆனால் அவை மருந்தை நிறுத்துவதற்குக் காரணமாகக் கூடாது. இன்றிரவே உங்கள் உம்மா, வாப்பாவின் குளிசைப் பெட்டியைத் திறந்து பாருங்கள். எழுதிக் கொடுத்த திகதி எப்போதென்று கேளுங்கள். பழைய துண்டாக இருந்தால், குளிசையை நிறுத்தாமல், கிளினிக் கொப்பியோடு அவரை டொக்டரிடம் கூட்டிச் செல்லுங்கள்.

அல்லாஹ் நம் அனைவருக்கும் பூரண ஆரோக்கியத்தைத் தருவானாக. ஆமீன்.