வெடால் பெண்பள்ளி: ஊரார் ஏற்ற பொறுப்பு

திருவண்ணாமலை மாவட்டம் வந்தவாசி வட்டத்திலுள்ள வெடாலைப் ‘பெண்கள் பல்கலைக்கழகம்’ என்று புகழ்வோர் உண்டு. அண்ணாமலையாரைக் காண வரும் கூட்டத்தில் மிகச் சிலரே இச்சமணத் தலத்தை எட்டிப் பார்க்கின்றனர். பார்த்தவர்களும் இந்தப் புகழுரையோடுதான் திரும்புகின்றனர். இதற்கு ஆதாரமாகக் காட்டப்படும் கல்வெட்டு கல்வியைப் பற்றி ஏதும் சொல்லவில்லை. அது ஓர் ஊர் எழுதிக்கொடுத்த பொறுப்புச் சீட்டு.

முதலாம் ஆதித்த சோழனின் 14ஆம் ஆட்சியாண்டு, ஏறத்தாழ கி.பி. 885. கல்வெட்டு விடால் என்று குறிக்கும் இவ்வூரில் சமணத் துறவி குணகீர்த்தி படாரரின் மாணாக்கியும் பெண் ஆசிரியருமான (குரத்தி) கனகவீரக் குரத்தியார் தரப்புக்கும் மற்றொரு தரப்புக்கும் பிணக்கு மூண்டது. குரத்தியாரையும் அவர் மாணாக்கியரையும் காத்து உணவளிக்கும் கடமையைச் சிங்கபுர நாட்டு விடாலாகிய மாதேவி ஆரந்திமங்கலத்து ஊரார் ஏற்றனர். வழக்கில் ஐந்நூறு, நானூறு என்ற எண்கள் வருகின்றன. இவற்றைக் கூட்டித் தொள்ளாயிரம் மாணவியர் என்பது அவசரக் கணக்கு. வணிகக் குழு ஐந்நூற்றுவர் என்றே பெயர் பூண்ட காலம் அது. முழு எண்ணைத் தலைக்கணக்காகக் கொள்ளத் தயங்க வேண்டும்.

நேரில் சென்று பார்த்தால் தயக்கம் இன்னும் வலுக்கும். மலையில் இருப்பவை இயற்கைக் குகைகளும் அவற்றின் முன் எழுப்பிய கட்டுமானமும்தாம். நூற்றுக்கணக்கானோர் அங்கே உண்டு உறங்கியிருக்க இயலாது. மாணாக்கியரில் பலர் ஊருக்குள் வீடுகளில் வாழ்ந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். விளாப்பாக்கம் என்னும் ஊரின் கல்வெட்டுச் சான்று இதற்குத் துணைநிற்கிறது. முதலாம் பராந்தகனின் 38ஆம் ஆண்டில் (கி.பி. 945) திருப்பான்மலை அரிட்டநேமி படாரரின் மாணாக்கி பட்டினிக் குரத்தியடிகள் அங்கே ஒரு கிணறு எடுத்தார். அக்கிணறும் ஒரு வீடுமே பெண்பள்ளியாயின. மேற்பார்வை இருபத்துநால்வர் என்னும் குழுவிடம் இருந்தது. அங்கும் உள்ளூர்க் குழுவே காப்பாளர்.

பெண்களுக்கு ஏன் இந்த வெளிக் காப்பு? திகம்பர நெறியில் துறவின் முழுமைக்கு ஆடை துறத்தல் இன்றியமையாதது. எனவே பெண் துறவியின் மாவிரதம், அதாவது முழுத் துறவு நோன்பு, உபசாரமாக, பெயரளவிலேயே ஏற்கப்படுவது. நெறிப்படி அவர் இல்லறத்தாரின் உச்சப்படியில் நிற்பவர். ஆசிரியராக மாணாக்கியரை நடத்துபவர், ஆனால் முழுத் துறவியாக எண்ணப்படாதவர் என்ற இந்த இடைநிலைக்கு மடத்தின் அதிகாரம் மட்டும் போதவில்லை என்றே கருதுகிறேன்.

ஐரோப்பாவின் பெகின்கள் இந்த இடைநிலைக்கு நல்ல ஒப்பீடு. அவர்கள் வாழ்நாள் துறவு உறுதி ஏற்காமல், சொந்த உழைப்பில் கூடி வாழ்ந்த பெண்கள். பெல்ஜியத்தின் புரூஜ் நகரில் அவர்களுடைய வளாகம் 1245 அளவில் ஃபிளாண்டர்ஸ் கோமகள் மார்கரெட்டின் ஆதரவில் அமைந்தது. 1311–12இல் வியென் சங்கம் அவ்வாழ்க்கை முறையைக் கண்டித்தபோதும், ஆட்சியாளரின் நிழலில் இருந்த ஃபிளாண்டர்ஸ் வளாகங்கள் பல தப்பின. அவற்றில் பதின்மூன்று 1998இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன. புரூஜில் இன்று நுழைவோர் மதிலையும் வாயிலையும் கடந்துதான் வீடுகளைக் காண்கின்றனர். வெடாலில் அப்படியொரு மதில் இல்லை. பெண்பள்ளியை அரண் செய்தது ஊராரின் ஒப்புதல்தான். ஒருவேளை அதனால்தான் சுவடும் தங்கவில்லை. ஒப்புதல் கொடுத்த தலைமுறை போனபின் அதைத் தொடர ஆள் வேண்டுமே!

குரத்தியரின் நிலை, கொடை தந்த சமணப் பெண்களின் நிலையிலிருந்து வேறானது. வெடால் இருக்கும் இதே மாவட்டத்தில் போளூரை அடுத்த திருமலையில், குந்தவை ஜினாலயத்துக்கு முதலாம் இராசேந்திரன் காலத்தில் விளக்கு வைத்தவர் சாமுண்டப்பை. அவரைக் கல்வெட்டு வணிகன் நன்னப்பையனின் மனைவி என்று அறிமுகம் செய்கிறது. கனகவீரக் குரத்தியார் வெடாலில் தம் ஆசிரியரின் பெயரால் அறியப்பட்டவர். சமணப் பெண்களின் வரலாற்றை எழுதுவோர் கொடையாளியரையும் குரத்தியரையும் ஒரே பட்டியலில் அடுக்கும்போது இந்த வேறுபாடு கண்ணில் படாமல் போகிறது.