ஆதிச்சநல்லூர் இரும்புக் கருவிகளின் பாதுகாப்பு

ஆதிச்சநல்லூர் இரும்புக் கருவிகளின் பாதுகாப்பு என்பது, தாமிரபரணிக் கரையிலுள்ள ஆதிச்சநல்லூர் தாழிக்காட்டில் அகழ்ந்தெடுக்கப்பட்ட வாள், குத்துவாள், ஈட்டிமுனை, அம்புமுனை போன்ற இரும்புப் பொருட்கள் துருவால் அழிந்துவிடாமல் காக்கும் முறைகளைக் குறிக்கும். இதே முறைகளின் எளிய வடிவங்கள் வீடுகளில் சேகரித்து வைக்கப்படும் அரிவாள், மடக்குக் கத்தி, பாக்குவெட்டி முதலியவற்றுக்கும் பொருந்தும்.

அகழாய்வுகளும் பொருட்களும்

ஆதிச்சநல்லூர், திருநெல்வேலியிலிருந்து ஏறத்தாழ 24 கி.மீ. தொலைவில், திருச்செந்தூர் செல்லும் சாலையில் உள்ளது. முன்பு திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்த இவ்வூர் 1986 முதல் தூத்துக்குடி மாவட்டத்தில் அடங்கும். தாழிகள் புதைந்துள்ள மேட்டை ஊரார் பரம்பு என்பர். 1876இல் செருமானியரான யாகோர் இங்கு தோண்டியெடுத்த பொருட்கள் பெர்லினுக்குக் கொண்டு செல்லப்பட்டன. 1899ஆம் ஆண்டு தொடங்கி அலெக்சாந்தர் ரீ நடத்திய விரிவான அகழாய்வில் கிடைத்தவை சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தைச் சேர்ந்தன. இவற்றின் விவரப் பட்டியல் 1915இல் நூலாக வெளிவந்தது. இரும்பு ஆயுதங்கள் முனை கீழ்நோக்கியிருக்குமாறு குத்தி வைக்கப்பட்டிருந்தன என்று ரீ குறித்துள்ளார். இந்தியத் தொல்லியல் துறை 2004-05இலும், மீண்டும் 2021 முதலும் இங்கு அகழாய்வு செய்தது.

பொற்பட்டங்களும் வெண்கலக் கலன்களும் பெற்ற புகழை இரும்புக் கருவிகள் பெறவில்லை. பார்ப்பதற்குத் துருக்கட்டிகளாகத் தோன்றுவதே இதற்குக் காரணம் எனலாம். எனினும் அருகிலுள்ள சிவகளையில் கிடைத்த மாதிரிகளின் காலக்கணிப்பைக் கொண்டு, இரும்பின் பயன்பாடு கி.மு. நான்காம் ஆயிரமாண்டுக்குச் செல்கிறது எனத் தமிழ்நாடு அரசு 2025 சனவரியில் வெளியிட்ட அறிக்கை கூறிய பின்னர், இப்பள்ளத்தாக்கின் ஒவ்வொரு துருப்பிடித்த துண்டும் சான்றாக மதிக்கப்பட வேண்டியதாகிறது. கருவி உதிர்ந்துவிட்டால், அது வார்க்கப்பட்டதா, அடித்து உருவாக்கப்பட்டதா என்பதைக் கூட ஆராய இயலாது.

சிதைவின் காரணம்

தூய இரும்பு துருப்பிடிக்க ஆக்சிசனும் நீரும் தேவை. காற்றின் ஒப்பு ஈரப்பதம் ஏறத்தாழ 60 விழுக்காட்டைத் தாண்டும்போது துருப்பிடித்தல் விரைவுபெறுகிறது. ஆனால் மண்ணில் புதைந்திருந்த இரும்பின் நிலை வேறு. மண்ணிலுள்ள குளோரைடு அயனிகள் பல நூற்றாண்டுகளாக ஊடுருவி, துருப்படலத்துக்கும் எஞ்சியுள்ள உலோகத்துக்கும் இடையே தங்கிவிடுகின்றன. மண்ணுக்குள் மெதுவாக நடந்த வேதிவினை, பொருள் வெளியே எடுக்கப்பட்டு காற்றுப் பட்டவுடன் வேகமெடுக்கிறது. அப்போது உருவாகும் அக்ககனைட்டு என்னும் கனிமம் உலோகத்தைவிட அதிக இடத்தை அடைப்பதால், மேலுள்ள படலத்தை உள்ளிருந்து தள்ளி வெடிக்கச் செய்கிறது. கருவியின் உண்மையான வடிவம் பெரும்பாலும் அந்த மேற்படலத்திலேயே பதிந்திருப்பதால், அது உரிந்தால் வடிவமே போய்விடும். ஈரமான நாட்களில் இத்தகைய இரும்பின் மேல் சிறு மஞ்சள் துளிகள் அரும்பும். இதனை இரும்பு அழுதல் என்பர். மூவாயிரம் ஆண்டு மண்ணில் தாங்கிய வாள், அலமாரியில் சில ஆண்டுகளில் சிதறக்கூடும் என்பது வியப்பாகத் தோன்றினும் உண்மையே.

தில்லி இரும்புத் தூண் துருப்பிடிக்காததைச் சுட்டிக்காட்டி, பழந்தமிழர் இரும்பும் அவ்வாறே இருக்க வேண்டும் என்று வாதிடுவோர் உண்டு. இந்த ஒப்பீடு பொருந்தாது. பாசுபரசு மிகுந்த அத்தூண் வறண்ட திறந்தவெளியில் நிற்கிறது. தாழியிலுள்ள வாள் ஈரமண்ணில் கிடந்தது.

பாதுகாப்பு முறைகள்

முதலில் செய்யவேண்டியது எக்சு-கதிர்ப் படம் எடுத்தலாகும். உள்ளே உலோகம் எஞ்சியுள்ளதா, முழுவதும் துருவாகிவிட்டதா என்பதை இது காட்டும். காந்தத்தை வைத்துப் பார்ப்பது எளிது. ஆயினும் துருவின் ஒரு வகையான மேக்னட்டைட்டும் காந்தத்தால் ஈர்க்கப்படும் என்பதால் அது ஏமாற்றக்கூடும். உலோகம் எஞ்சாத பொருளுக்கு உப்பு நீக்கம் தேவைப்படாது.

உலோகம் எஞ்சியிருந்தால் குளோரைடை வெளியேற்ற வேண்டும். 1975இல் ஆத்திரேலியாவில் நார்த்து, பியர்சன் ஆகியோர் வெளியிட்ட காரச் சல்பைட்டு முறையில், பொருளானது சோடியம் ஐதராக்சைடும் சோடியம் சல்பைட்டும் கலந்த இளஞ்சூடான கரைசலில், காற்றுப் புகாமல் மூடி, வாரக்கணக்கில் ஊறவைக்கப்படுகிறது. கரைசலில் குளோரைடு வருவது நிற்கும்வரை அது மாற்றப்படும். இம்முறையிலும் குளோரைடு முழுவதும் நீங்குவதில்லை. நலிந்த பொருட்கள் கரைசலிலேயே உடைவதும் உண்டு. பின்னர் டானிக் அமிலம் பூசி, அக்ரிலிக் பிசின் அல்லது நுண்படிக மெழுகால் மூடுவர். பூச்சு ஈரத்தைத் தாமதப்படுத்துமே தவிர தடுத்துவிடாது.

எனவே முடிவில் நம்பவேண்டியது உலர்ந்த சூழலையே. குளோரைடு உள்ள இரும்பில் துரு ஏறக்குறைய நிற்க வேண்டுமானால் ஈரப்பதம் 12 விழுக்காட்டுக்குக் கீழே இருத்தல் வேண்டும். கடற்கரைக்கு அண்மையிலுள்ள இப்பகுதியில், அதிலும் அக்டோபர் முதல் திசம்பர் வரையான வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், திறந்த அறையில் இது நடவாது. காற்றுப் புகாத பாலிப்புரொப்பிலீன் பெட்டியில் சிலிக்காக் களியுடன் வைப்பதே மலிவான வழி. களி நிறம் மாறும்போது சூடாக்கி உலர்த்தி மீண்டும் பயன்படுத்தலாம். பெட்டியை அமைப்பதைவிட அதனை ஆண்டுதோறும் தவறாது பார்ப்பதே கடினம். 2023 திசம்பரில் திருவைகுண்டம் வட்டாரத்தைச் சூழ்ந்த பெருவெள்ளம், மின்சாரத்தை மட்டும் நம்பிய ஈரநீக்கிகள் போதா என்பதற்கு எடுத்துக்காட்டாகும். அதே ஆண்டு ஆகத்து மாதம் ஆதிச்சநல்லூரில் திறக்கப்பட்ட களக் காட்சியகத்தில் அகழாய்வுக் குழிகளைக் கண்ணாடிக்குக் கீழே உள்ளபடியே காணலாம். இத்தகைய காட்சிமுறையில் மண்ணின் ஈரத்தைக் கண்காணித்தல் இன்றியமையாதது.

வெண்கலத்துக்கும் குளோரைடே பகை. எழும்பூர் அருங்காட்சியகத்தின் வேதியியல் பாதுகாப்பு ஆய்வகத்தில் 1930களில் ச. பரமசிவன் மின்னாற்பகுப்பு முறையில் வெண்கலப் பொருட்களைச் சீராக்கினார்.

வீட்டுச் சேகரிப்புகள்

பழைய கத்திகளைச் சேகரிப்போர் செய்யும் பெருந்தவறு, அவற்றைத் தோலுறையிலேயே வைத்திருப்பதாகும். தோல் ஈரத்தை உறிஞ்சுவதோடு, பதப்படுத்திய உப்புகளையும் அமிலங்களையும் அலகுக்குத் தருகிறது. மர இழுப்பறைகளிலிருந்து வரும் அசிட்டிக் அமில ஆவியும் தீங்கானது. கைவியர்வையில் உப்பு உள்ளதால், தொட்டபின் அலகைத் துடைக்க வேண்டும். அரிவாளுக்குத் தேங்காயெண்ணெய் தடவும் வழக்கம் அன்றாடம் பயன்படும் கருவிக்கு ஏற்றதே. நீண்டநாள் வைத்திருக்கும் பொருளில் அது சிக்கேறி அமிலமாகும் என்பதால் தையல் எந்திர எண்ணெய் நல்லது. எவர்சில்வர் அலகும் உப்புப் பட்டால் புள்ளி புள்ளியாக அரிக்கும். பித்தளைக் கைப்பிடியைப் புளி கொண்டு தேய்த்தால் பளபளக்கும். ஆனால் பழமையின் நிறப்படலம் போய்விடும்.

கொம்பு, எலும்புக் கைப்பிடிகள் மிகுந்த வறட்சியில் வெடிக்கும். ஆகவே இவற்றுக்கு அலகு வேண்டும் அளவு உலர்ந்த சூழலைத் தர இயலாது; 40 முதல் 50 விழுக்காடு ஈரப்பதத்தில் வைத்து அலகுக்கு மெழுகு பூசுவது இடைப்பட்ட வழி. செலுலாயிடு கைப்பிடி கொண்ட பழைய மடக்குக் கத்திகளைத் தனியே காற்றோட்டமான இடத்தில் வைத்தல் வேண்டும். செலுலாயிடு சிதையும்போது வெளியாகும் நைதரசன் ஆக்சைடுகள் அருகிலுள்ள கத்திகளையும் அரித்துவிடும்.