பெயின்டுக்கு அடியில் ஒரு ஃபெரட்

ஒரு ஃபெரட் கவச வண்டி எங்கெல்லாம் போய்வந்தது என்று தெரிய வேண்டுமானால், அதன் பக்கவாட்டுத் தகட்டை உப்புத்தாளால் தண்ணீர் விட்டு நிதானமாகத் தேய்க்க வேண்டும். அவசரக்காரர்கள் மணல் பீய்ச்சும் எந்திரத்தைக் கொண்டுவந்து ஒரே நாளில் வெற்று இரும்பாக்கிவிடுவார்கள். எனக்கு அதில் சம்மதமே இல்லை. வண்டியின் சுயசரிதை அந்தப் பெயின்டில்தான் இருக்கிறது. மேலே பச்சையும் கருப்பும் திட்டுத்திட்டாக இருந்தால் அது ஐரோப்பாவில் கழித்த கடைசிக் காலம். அதற்குக் கீழே மணல் நிறம் வந்தால் வளைகுடாவோ ஏடனோ. வெள்ளை வந்தால் ஐ.நா. அமைதிப்படையில் இருந்திருக்கிறது. எல்லாவற்றுக்கும் அடியில், பிரைமருக்கு மேல், ஆலையை விட்டு வரும்போது பூசிய ஆழ்ந்த வெண்கலப் பச்சை. எல்லா வண்டியிலும் எல்லா அடுக்கும் இருக்காது. ஆனால் தேய்க்கும் கைக்கு அடியில் ஒரு படைப்பிரிவின் முத்திரையோ, இரண்டு எண் இரண்டு எழுத்து இரண்டு எண் என்ற வரிசையில் பழைய ராணுவப் பதிவெண்ணோ மங்கலாக எழுந்து வரும்போது, பட்டறையில் எல்லோரும் கையில் இருந்த வேலையைப் போட்டுவிட்டு வந்து நிற்பார்கள். அந்தப் பதிவெண் கிடைத்துவிட்டால் இங்கிலாந்தின் போவிங்டன் டாங்க் அருங்காட்சியகத்துக்கு எழுதி, பழைய பதிவேடுகளில் அந்த வண்டியின் தடம் இருக்கிறதா என்று கேட்கலாம்.

உலகெங்கும் பழைய கவச வண்டிகளைப் பொழுதுபோக்காகச் செப்பனிடுகிறவர்களில் பலரும் முதலில் வாங்குவது ஃபெரட்டைத்தான். காரணம் எளிது. நீளம் நான்கு மீட்டருக்குள், எடை ஏறக்குறைய நான்கு டன், சங்கிலித் தடம் இல்லாமல் நான்கே சக்கரம். வீட்டுக் கொட்டகையில் நிறுத்தலாம், சாலையில் ஓட்டலாம். 1952 முதல் 1971 வரை 4,409 வண்டிகள் செய்யப்பட்டதால் தேடினால் கிடைக்கும்.

அது பிறந்தது இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரத்தில், டெய்ம்லர் கார் கம்பெனியில். பிரிட்டிஷ் அரச குடும்பம் பல்லாண்டு பயணித்த சொகுசுக் கார்களைச் செய்த அதே கம்பெனி. இரண்டாம் உலகப் போரில் அவர்கள் டிங்கோ என்ற சின்ன வேவு வண்டியைச் செய்து ஆறாயிரத்துக்கும் மேல் கொடுத்திருந்தார்கள். அதற்கு வாரிசு கேட்டு ராணுவம் 1948-இல் ஒப்பந்தம் போட்டது. 1950-இல் முதல் மாதிரி வண்டி ஓடியது. வேவு வண்டியின் வேலை சண்டை போடுவதல்ல; போய்ப் பார்த்து, பார்த்ததைச் சொல்ல உயிரோடு திரும்புவது. ஃபெரட்டின் வடிவமே அதற்காக அமைந்தது. கவசத் தகட்டின் கனம் 6 முதல் 16 மில்லிமீட்டர்தான். துப்பாக்கிக் குண்டையும் சிதறலையும் தாங்கும், பீரங்கியைத் தாங்காது. ஆகவே ஓட வேண்டும். முன்னோக்கி ஐந்து கியர் இருப்பதுபோல் பின்னோக்கியும் ஐந்து கியர். எதிரி பதுங்கியிருந்து தாக்கினால் வண்டியைத் திருப்பிக்கொண்டிருக்க நேரமில்லை. ஒரு லீவரை மாற்றிவிட்டு வந்த வழியே அதே வேகத்தில் பின்னால் போய்விடலாம்.

அந்த கியர்பாக்ஸைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஃபெரட்டின் உயிர் எஞ்சினில் இல்லை, கியர்பாக்ஸில்தான் இருக்கிறது என்று சொல்வேன்.

அதன் மூலகர்த்தா வால்டர் கோர்டன் வில்சன் என்ற பொறியாளர். 1915-இல் லிங்கன் நகரில் வில்லியம் ட்ரிட்டனுடன் சேர்ந்து உலகின் முதல் டாங்கை உருவாக்கியவர். அந்த ஆரம்பகால டாங்குகளை ஓட்ட நான்கு ஆள் வேண்டியிருந்தது. இரைச்சலுக்கும் புகைக்கும் நடுவே சைகையால் பேசிக்கொண்டு கியர் மாற்றினார்கள். வில்சன் மையப் பல்சக்கரத்தைச் சிறு பல்சக்கரங்கள் சுற்றிவரும் அமைப்பைக் கொண்டுவந்து, 1918-இல் மார்க் 5 டாங்கை ஒரே ஆள் ஓட்டும்படி செய்தார். போர் முடிந்ததும் அதே எண்ணத்தைக் காருக்குக் கொண்டுபோனார். 1930-இல் டெய்ம்லர் கம்பெனி அவருடைய கியர்பாக்ஸை ஃப்ளூயிட் ஃப்ளைவீல் என்ற எண்ணெய்ச் சக்கரத்தோடு இணைத்துத் தன் கார்களில் பொருத்தியது. டாங்கில் தொடங்கிய எண்ணம் அரசகுலத்துக் கார்களுக்குப் போய், அங்கிருந்து மறுபடியும் கவச வண்டிக்குத் திரும்பியது. ஒரு தொழில்நுட்பம் இப்படி ஊர் சுற்றிவிட்டு வீடு திரும்புவதைப் பார்க்க எனக்கு அலுப்பதே இல்லை.

லண்டனின் புகழ்பெற்ற ஆர்.டி. வகை இரட்டை அடுக்குப் பேருந்துகளிலும் இதே குடும்பத்துக் கியர்பாக்ஸும் எண்ணெய்ச் சக்கரமும்தான். லண்டனில் ஓய்வு பெற்ற அந்தப் பேருந்துகளை இலங்கைப் போக்குவரத்துச் சபை பெருமளவில் வாங்கியது; பல்லாண்டு காலம் இலங்கைச் சாலைகளில் ஓடின. அவற்றை ஓட்டிய கைகள் ஃபெரட்டின் கியரையும் உடனே புரிந்துகொண்டிருக்கும். இலங்கை ராணுவத்திலும் ஃபெரட் இருந்தது. இந்திய ராணுவத்திலும் இருந்தது.

வேலை செய்யும் விதம் இதுதான். ஓட்டுநர் அடுத்து தனக்கு வேண்டிய கியரை லீவரில் முன்கூட்டியே குறித்து வைப்பார். அப்போது ஒன்றும் நடக்காது. மேடு வரும்போதோ வளைவு வரும்போதோ இடது காலால் பெடலை அடிவரை அழுத்தி விடுவார். குறித்து வைத்த கியர் விழும். அந்தப் பெடல் க்ளட்ச் அல்ல. கியர்பாக்ஸுக்குள், உச்ச கியரைத் தவிர மற்ற ஒவ்வொரு கியருக்கும் ஓர் உருளை, அதைச் சுற்றி ஒரு பிரேக் பட்டை. எந்தப் பட்டை இறுகுகிறதோ அந்த கியர். இறுக்குவது ஒரு முரட்டு ஸ்பிரிங். பெடலை அழுத்தும்போது அந்த ஸ்பிரிங்கை அழுத்துகிறோம். காலை எடுத்ததும் அது குறித்த பட்டையைப் பிடித்துக்கொள்கிறது.

இப்போது பெடலைப் பாதி மட்டும் அழுத்தினால்? உள்ளே ஸ்பிரிங்குக்கு எந்தப் பட்டையும் சிக்காது. அது தடையில்லாமல் முழு தூரமும் பாயும்; அதே வேகத்தில் பெடல் மேலே எகிறும். கால் இருக்கும் இடம் பார்த்து அடிக்கும். ஃபெரட் ஓட்டிய பழைய சிப்பாய்களிடம் வேறு எதைக் கேட்டாலும் யோசித்துச் சொல்வார்கள். இந்தப் பெடல் உதையைக் கேட்டால் உடனே முழங்காலைத் தொட்டுக் காட்டுவார்கள். எகிறிய பெடலைக் கீழே கொண்டுவர முதுகை இருக்கையில் முட்டுக்கொடுத்து முழு பலத்தோடு மிதிக்க வேண்டும். பட்டைகள் தேய்ந்திருந்தாலும், வண்டி நெடுநாள் சும்மா நின்றிருந்தாலும் இது அடிக்கடி நேரும். அதற்கு மருந்தும் வில்சனே உள்ளே வைத்திருக்கிறார்: ஒவ்வொரு பட்டைக்கும் தானாகச் சரிசெய்துகொள்ளும் ஒரு வளையம் உண்டு. கியரைக் குறித்து, பெடலைத் திரும்பத் திரும்ப மிதித்துக்கொண்டே இருந்தால் வளையம் சிறிது சிறிதாகத் திரும்பித் தேய்மானத்தை ஈடுகட்டும். ஓர் இடத்தில் பெடலின் வரத்து மாறுவதைக் கால் உணரும். எந்தக் கருவியும் காட்டாது, கால்தான் சொல்லும். அதன்பிறகு அடுத்த கியர்.

இப்படிப்பட்ட வண்டி கவென்ட்ரியிலிருந்து முப்பதுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போனது. மலாயாவில் அவசரகாலச் சட்டம் நடப்பில் இருந்த ஆண்டுகளில் ரப்பர் தோட்டப் பாதைகளில் ரோந்து போனது. அந்தத் தோட்டங்களில் பால் வெட்டியவர்களில் பலர் தமிழர்கள். காட்டில் இருந்த கிளர்ச்சியாளர்களுக்கும் படைக்கும் நடுவே வாழ்ந்தவர்கள். ஃபெரட்டை நேசிக்கிறவர் அந்தப் பக்கத்தையும் சேர்த்தே வண்டியின் வரலாறாக எழுத வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். ஏடன், சைப்ரஸ், போர்னியோ, வட அயர்லாந்து என்று அது போன இடங்கள் எல்லாம் ஒரு பேரரசு சுருங்கிய இடங்கள். 1991 வளைகுடாப் போரிலும் சில ஃபெரட்டுகள் இருந்தன. அதன்பிறகு பிரிட்டிஷ் ராணுவம் அவற்றை ஒதுக்கி ஏலத்தில் விட்டது. பிற நாடுகளில் ஒதுக்கப்பட்டவையும் வியாபாரிகள் கை மாறித் திரும்பி வந்தன, சில வண்டிகளின் மூலைமுடுக்குகளில் பாலைவன மணல் இன்னும் இருக்கும்படியே.

ஏலத்தில் எடுத்தவர் கொட்டகைக்குக் கொண்டுவந்ததும் முதல் வேலை துப்பாக்கியைப் பற்றியதல்ல. வண்டியின் மேலே சுழலும் டரட்டில் பொம்மைத் துப்பாக்கி பொருத்துகிறவர்கள் உண்டு. கண்காட்சிக்கு அது எடுப்பாக இருக்கும். என்னைக் கேட்டால் துப்பாக்கி இருந்த துளையை மூடிவிட்டு அந்தப் பணத்தில் பிரேக் சிலிண்டர்களை மாற்றலாம். நான்கு டன் இரும்பு மணிக்கு தொண்ணூறு கிலோமீட்டர் வரை போகும், நிற்கவும் வேண்டும்.

எஞ்சின் வேலைக்குப் பின்பக்கத் தகடுகளைக் கழற்ற வேண்டும். துருப்பிடித்த போல்ட்டுகள் எளிதில் இளகாது. உள்ளே இருப்பது ரோல்ஸ் ராய்ஸ் பி60, ஆறு சிலிண்டர், 4.26 லிட்டர் பெட்ரோல் எஞ்சின். போருக்குப் பின் பிரிட்டிஷ் ராணுவம் எடுத்த அருமையான முடிவு ஒன்று இதில் தெரியும்: நான்கு சிலிண்டருக்கு பி40, ஆறுக்கு பி60, எட்டுக்கு பி80 என்று ஒரே குடும்பமாக எஞ்சின் செய்து, பாகங்கள் பலவற்றைப் பொதுவாக வைத்தார்கள். அந்த பி80 தீயணைப்பு வண்டிகளிலும் ஓடியது. ஆகவே ஓய்வு பெற்ற ஒரு தீயணைப்பு எஞ்சினின் உறுப்பு இன்று ஃபெரட்டுக்குள் துடிக்கலாம். ஆனால் 24 வோல்ட் இக்னிஷன் தொல்லை தரும். ரேடியோவுக்கு இடையூறு வரக்கூடாது, தண்ணீர் புகக்கூடாது என்று எல்லாவற்றையும் உலோக உறைக்குள் மூடி, காயிலையும் டிஸ்ட்ரிப்யூட்டருக்குள்ளேயே வைத்துவிட்டார்கள். சூடேறினால் அந்தக் காயில் சாகும். வண்டி சூடாக இருக்கும்போது நின்று, ஆறியபின் ஒன்றும் நடக்காததுபோல் கிளம்பினால் அனுபவசாலிகள் முதலில் அங்கேதான் கை வைப்பார்கள்.

புதிதாக வாங்குகிறவர்கள் அறியாமல் கெடுத்துக்கொள்வது சக்கர ஓட்டத்தை. ஃபெரட்டில் குறுக்கே அச்சுத்தண்டு கிடையாது. நடுவில் ஒரே ஒரு டிஃபரன்ஷியல். அதிலிருந்து இடப்பக்கத்து இரு சக்கரங்களுக்கும் வலப்பக்கத்து இரு சக்கரங்களுக்கும் நான்கு ஷாஃப்டுகள் எச் எழுத்து வடிவில் போகின்றன. அதனால்தான் வண்டி இத்தனை தாழ்வாக இருக்க முடிகிறது. ஆனால் ஒரே பக்கத்து முன்சக்கரமும் பின்சக்கரமும் ஒரே வேகத்தில்தான் சுற்ற முடியும். வளைவில் முன்சக்கரம் கூடுதல் தூரம் போக வேண்டும், போக முடியாது. சேற்றிலோ மணலிலோ சக்கரம் கொஞ்சம் வழுக்கிக் கணக்கைச் சரிசெய்துகொள்ளும். தார்ச்சாலையில் வழுக்காது. அப்போது ஈரத்துணியை இருவர் எதிரெதிரே பிடித்து முறுக்குவதுபோல் ஷாஃப்டுகளுக்குள் முறுக்கு ஏறிக்கொண்டே போகும். வண்டி கனக்கும், சக்கரத்தருகே உள்ள பல்சக்கரப் பெட்டிகள் சூடாகும், கடைசியில் பல் உடையும்.

இதற்கு வழி, அவ்வப்போது ஒரு சக்கரத்தை மரப்பலகை மேலோ நடைபாதை விளிம்பிலோ ஏற்றி இறக்குவது. சுமை விலகிய கணத்தில் டயர் தானாகத் துள்ளித் திரும்பி முறுக்கை அவிழ்த்துக்கொள்ளும். நான்கு டன் வண்டியின் சக்கரம் யாரும் தொடாமல் ஒரு சாண் திரும்புவதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். உள்ளே எத்தனை வலு அடைபட்டிருந்தது என்பது அப்போது புரியும். இதே காரணத்தால்தான் ஒரு பக்கத்து டயர்கள் இரண்டும் ஒரே அளவு தேய்ந்தவையாக இருக்க வேண்டும். ஒரு டயர் பஞ்சரானால் அந்த ஒன்றை மட்டும் புதிதாக மாற்றினால் போதும் என்ற நம் கார் வழக்கம் இங்கே வண்டியைக் கொன்றுவிடும்.

பெட்ரோலும் மாறிவிட்டது. 2021-இல் பிரிட்டனில் பத்து சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல் பொதுவானது. பழைய ரப்பர்க் குழாய்களையும் பம்பின் உள்ளே இருக்கும் ஜவ்வுகளையும் எத்தனால் அரிக்கும். ஆகவே எத்தனால் குறைந்த பெட்ரோலைத் தேடிப் போடுகிறார்கள்; குழாய்களை எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்றுகிறார்கள்.

ராணுவ முகாம் வாசல்களில் மேடை கட்டி, புதுப் பெயின்ட் அடித்து நிறுத்திய கவச வண்டிகளை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். உள்ளே மழைநீர் தேங்கி அடித்தட்டு உளுத்திருக்கும். மரியாதைக்காக நிறுத்தியவைதான், ஆனாலும் அப்படி நிற்கும் வண்டியிடமிருந்து பெடல் எப்படி மிதிப்பது, முறுக்கு எப்படி அவிழ்ப்பது என்று எவரும் கற்றுக்கொள்ள முடியாது. ஓடுகிற வண்டி வைத்திருப்பவர்தான் அதைக் காப்பாற்றுகிறார். கவென்ட்ரியில் இருந்த டெய்ம்லரின் ராட்ஃபோர்ட் ஆலை இன்று இல்லை. ஃபெரட்டை பிரிட்டிஷ் ராணுவத்தில் ஓட்டிப் பழகியவர்களில் இளையவர்களே ஐம்பதைத் தாண்டியாயிற்று. கோடைகாலக் கண்காட்சிகளுக்கு அவர்கள் வருகிறார்கள். வண்டிக்காரர் ஏறி உட்காரச் சொன்னால் மறுப்பதில்லை. பக்கத்தில் நிற்கும் இருபது வயதுப் பையன் அடுத்து ஏறிப் பெடலில் கால் வைத்ததும், பாதி அழுத்தாதே, அடிவரை அழுத்து, குதிகாலை ஊன்று என்று அவர்கள் சொல்லிக்கொடுக்கிறார்கள். பையன் முதல் கியரைக் குறித்து, அழுத்தி விடுகிறான், வண்டி நகர்கிறது. இரண்டாவதற்கு லீவரை இப்போதே தள்ளி வை என்கிறார்கள்.