கருத்தடையும் இனமேம்பாட்டுக் கொள்கையும்

மக்களுள் தக்கோர் பெருகவும் தகாதோர் அருகவும் பிறப்பை ஒழுங்கு செய்தல் வேண்டும் என்பதே இனமேம்பாட்டுக் கொள்கை. இங்கிலாந்து நாட்டுப் பிரான்சிசு கால்ட்டன் 1883இல் இதற்குப் பெயரிட்டார். 1907இல் அமெரிக்காவின் இந்தியானா மாநிலம் கட்டாய மலடாக்கத்திற்குச் சட்டம் இயற்றிற்று. செருமனியில் 1933ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி ஏறத்தாழ 4 இலட்சம் பேர் மலடாக்கப்பட்டனர். இக்கொள்கை தமிழகத்தை எவ்வாறு தொட்டது என்பதை ஈண்டு ஆராய்வோம்.

1920களின் இறுதியில் சென்னையில் புது மால்தூசியர் சங்கம் தோன்றியது. உயர்நீதிமன்ற நீதிபதி வேப்பா ராமேசம் அதன் முன்னோடிகளுள் ஒருவர். கற்ற மேன்மக்களே அதில் மிகுதி. மக்களின் தொகையைக் குறைத்தலோடு தரத்தை உயர்த்தலும் அவர்தம் நோக்கமாயிற்று. அக்காலத்திலேயே பெரியார் ஈ. வெ. ரா. ‘குடி அரசு’ இதழில் கருத்தடையை வற்புறுத்தினார். பிறர் நாட்டுநலம் முதலியன கருதி வேண்டுவதைத் தாம் பெண்ணின் விடுதலை கருதி வேண்டுவதாக அவர் வேறுபடுத்திக் காட்டினார். கருவி ஒன்றே, வினா வேறு. முன்னவர், ‘எவர் பிள்ளை பெறுதல் குறைய வேண்டும்?’ என வினவினர். பின்னவர், ‘அதனை முடிவு செய்வார் யார்?’ என வினவினார்.

விடுதலைக்குப் பின் ஆட்சியாளர் செவியில் விழுந்தது முதல் வினாவே. 1951ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின் ஆணையர் ஆர். ஏ. கோபாலசாமி, மூன்று பிள்ளைகட்கு மேற்பட்ட பேற்றை ‘முன்யோசனையற்ற தாய்மை’ எனக் குறித்தார். அன்று திருச்சிராப்பள்ளி மாவட்டத்துள் அடங்கியிருந்த பெரம்பலூர், அரியலூர்ப் பகுதிகளை எண்ணிப் பார்ப்போம். வானம் பார்த்த புன்செயில் வரகும் சோளமும் விளைத்து வாழ்ந்த உழவர்க்குப் பிள்ளைகளே வேலைக்குக் கை, முதுமைக்கு ஊன்றுகோல். பிறந்தவற்றுள் பிழைப்பன எத்தனை என்பதும் உறுதியன்று. அத்தாய் முன்யோசனை அற்றவள் அல்லள். அவள் யோசனையைக் கேட்பார்தாம் இலர்.

1950களின் பிற்பகுதியில், அறுவைக்கு இசைந்த ஏழையர்க்குச் சென்னை அரசு பணம் வழங்கலாயிற்று. பசித்தவன் பணத்திற்கு இசைவது முழு இசைவாகுமா? இவ்வினாவைப் புறக்கணித்ததன் விளைவை நெருக்கடி நிலைக் காலம் காட்டிற்று. 1976-77இல் இந்தியாவெங்கும் 80 இலட்சத்திற்கும் மேற்பட்டோர்க்கு அறுவை நிகழ்ந்தது. வடமாநிலங்களில் வற்புறுத்தல் மிகுந்தது.

கருத்தடை பல தாய்மாரின் உயிரைக் காத்தது என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயின் அதன் அறம், குறைந்த பிறப்புகளின் எண்ணிக்கையில் இல்லை. பெறுவதும் பெறாமையும் தன் விருப்பம் என ஒருத்தி அச்சமின்றிக் கூற இயலுமா என்பதில் உள்ளது. இக்கால வரலாற்றை எழுதப் புகுவோர் சங்கத்தார் ஏடுகளையும் அரசு அறிக்கைகளையும் மட்டும் நோக்கின், அவள் குரல் மீண்டும் விடுபடும்.