காப்பீட்டு ஒப்பந்தத்தில் ‘மருத்துவர்’ எனும் வரையறை: பதிவேட்டின் வழி ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச்சுருக்கம்

மருத்துவக் காப்பீட்டுத் தொகை கிடைப்பதும் மறுக்கப்படுவதும் பல வேளைகளில் சிகிச்சை அளித்தவர் யார் என்பதைப் பொறுத்தே அமைகின்றன. இந்தியக் காப்பீட்டு ஒப்பந்தங்களில் இடம்பெறும் ‘மருத்துவர்’, ‘செவிலியர்’ ஆகிய வரையறைகள் காப்பீட்டுத் துறை தானே உருவாக்கியவை அல்ல. அரசு நிறுவிய தொழிற்பதிவேடுகளிலிருந்து பெறப்பட்டவை. பதிவேட்டின் வரலாற்றில் விடுபட்டவர்கள் ஒப்பந்தத்திலும் விடுபடுகின்றனர். 1858-ஆம் ஆண்டின் பிரித்தானிய மருத்துவச் சட்டம் தொடங்கி அண்மைக்காலக் காப்பீட்டு ஒழுங்குமுறைகள் வரை இத்தொடர்ச்சியை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: மருத்துவக் காப்பீடு, மருத்துவப் பதிவேடு, சித்த மருத்துவம், வரையறைக் கூறு, நலவாழ்வுத் தொழில்முறையாளர்.

முன்னுரை

தமிழில் மருத்துவர், வைத்தியர், பண்டிதர், மருத்துவச்சி எனச் சிகிச்சை அளிப்போருக்குப் பல பெயர்கள் வழங்கி வந்துள்ளன. திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம் நோயாளி, நோய் தீர்ப்பவர், மருந்து, அருகிருந்து துணைசெய்பவர் ஆகிய நால்வகைக் கூறுகளையும் உள்ளடக்கியதாகவே மருத்துவத்தைக் காண்கிறது. ஊரார் ஒருவரை மருத்துவர் என ஏற்பதற்கு அவருடைய அனுபவமும் கைராசியும் குடும்ப மரபும் போதுமானவையாக இருந்தன.

காப்பீட்டு ஒப்பந்தத்துக்கு இந்த ஏற்பு போதாது. முன்பின் அறியாத ஒருவர் அளித்த சிகிச்சைக்கு, நேரில் காணாத ஒரு நிறுவனம் பணம் செலுத்துகிறது. எனவே சிகிச்சையாளரின் தகுதியைத் தானே சோதிக்காமல், வேறொருவர் சோதித்து வைத்த பட்டியலை அந்நிறுவனம் நம்புகிறது. அப்பட்டியல் எவ்வாறு உருவாயிற்று, அதில் யார் இடம்பெற்றனர், யார் இடம்பெறவில்லை என்பனவே இங்கு ஆராயத்தக்க வினாக்கள்.

1. பதிவேட்டின் தோற்றம்

பிரித்தானிய நாடாளுமன்றம் 1858-இல் இயற்றிய மருத்துவச் சட்டம், பொது மருத்துவக் கழகத்தை நிறுவித் தகுதி பெற்ற மருத்துவர்களுக்கான பதிவேட்டை உருவாக்கியது. பிற சட்டங்களில் ‘சட்டப்படி தகுதி பெற்ற மருத்துவர்’ என்னும் தொடர் வருமிடங்களில் அதற்குப் ‘பதிவேட்டில் பெயர் உள்ளவர்’ என்றே பொருள்கொள்ள வேண்டும் என அதன் 34-ஆம் பிரிவு வகுத்தது. பதிவு பெறாதவர் மருத்துவம் பார்ப்பதை அச்சட்டம் முற்றாகத் தடைசெய்யவில்லை. ஆயினும் அவர் தம் கட்டணத்தைக் கோரி நீதிமன்றம் செல்ல இயலாது. சட்டம் வேண்டும் சான்றிதழில் அவரது கையொப்பம் செல்லாது. அதாவது, மருத்துவம் செய்யும் உரிமையும் அதற்குப் பணமும் சான்றும் பெறும் உரிமையும் இச்சட்டத்தால் பிரிக்கப்பட்டன. பிற்காலக் காப்பீட்டு வரையறைகளின் கரு இந்தப் பிரிவினையில்தான் உள்ளது எனலாம்.

இம்முன்மாதிரியைப் பின்பற்றி பம்பாயில் 1912-இலும், வங்காளத்திலும் சென்னையிலும் 1914-இலும் மருத்துவப் பதிவுச் சட்டங்கள் இயற்றப்பட்டன. சென்னை மருத்துவப் பதிவுச் சட்டம் மேலைமுறைக் கல்வி பெற்றோருக்கே பதிவேட்டில் இடமளித்தது. சித்த, ஆயுர்வேத, யுனானி மருத்துவர்கள் தொடர்ந்து தொழில் செய்தனர். ஆனால் அரசின் ஏட்டில் அவர்களுக்கு இடமில்லை.

2. பதிவேட்டுக்கு வெளியே நின்றோர்

இந்நிலைக்கு எதிரான குரல்களின் விளைவாகச் சென்னை அரசு 1921-இல் முகமது உஸ்மான் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. கோ. சீனிவாசமூர்த்தி அதன் செயலாளராகப் பணியாற்றினார். 1923-இல் வெளியான அக்குழுவின் அறிக்கை, தமிழ் உள்ளிட்ட மொழிகளில் வைத்தியர்கள் அளித்த சாட்சியங்களையும் கொண்டிருந்தது. அதனைத் தொடர்ந்து சென்னையில் அரசு இந்திய மருத்துவப் பள்ளி தோன்றியது. கல்வியும் தேர்வும் உருவான பின்னரே பதிவுக்கான வழி பிறந்தது என்பது கருதத்தக்கது.

சித்தம், ஆயுர்வேதம், யுனானி ஆகியவற்றுக்கு நாடு தழுவிய பதிவேடு 1970-ஆம் ஆண்டின் இந்திய மருத்துவ மையக் கழகச் சட்டத்தால் அமைந்தது. பதிவேடு இல்லாத மாநிலத்தில், அச்சட்டம் நடைமுறைக்கு வந்தபோது ஐந்தாண்டுகளுக்குக் குறையாமல் தொழில் செய்து வந்தவரின் உரிமையை அதன் 17-ஆம் பிரிவு பாதுகாத்தது. பரம்பரை வைத்தியருக்குக் கிடைத்த இச்சலுகை காலவரையறை கொண்டது. அடுத்த தலைமுறைக்கு அது செல்லவில்லை. கேரளப் பரம்பரை வைத்தியர்கள் தொடர்பான வழக்கில் உச்சநீதிமன்றம் 2018-இல் அளித்த தீர்ப்பு, ஏற்கப்பட்ட கல்வித் தகுதியின்றிக் குடும்ப மரபை மட்டும் கொண்டு மருத்துவம் செய்யும் உரிமை கோர இயலாது என உறுதிசெய்தது.

3. இழப்பீட்டுச் சட்டமும் மெடிகிளெய்ம் பாலிசியும்

பதிவேடு பணக் கோரிக்கையோடு இணைந்ததற்கு 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் தெளிவான சான்றாகும். காயமுற்ற தொழிலாளியைச் சோதிக்கும் ‘தகுதி பெற்ற மருத்துவர்’ யார் என அச்சட்டம் வரையறுத்தது. முதற்கூறு, மருத்துவப் பதிவேட்டுச் சட்டம் ஒன்றின்கீழ்ப் பதிவு பெற்றவரைச் சுட்டியது. இரண்டாம் கூறு, அத்தகைய சட்டம் நடைமுறையில் இல்லாத பகுதியில் அரசு அறிவிக்கையின் மூலம் தகுதியானவர் என அறிவிப்பவரையும் சேர்த்துக்கொண்டது. பதிவேடு எட்டாத இடங்கள் உண்டு என்பதை அறிந்தே எழுதப்பட்ட வரையறை அது.

பொதுக் காப்பீடு நாட்டுடைமையாக்கப்பட்ட பின்னர், 1986-இல் அரசுத் துறை நிறுவனங்கள் மெடிகிளெய்ம் பாலிசியை அறிமுகப்படுத்தின. அந்நிறுவனங்களுள் ஒன்றான யுனைடெட் இந்தியா சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டது. ஏற்கப்பட்ட நிறுவனத்தின் பட்டமோ பட்டயமோ பெற்று, மாநில மருத்துவக் கழகத்தில் பதிவு செய்தவரே மருத்துவர் என்பது மெடிகிளெய்ம் பாலிசிகளில் வழங்கிய வரையறை. செவிலியர் என்பவர் ஏற்கப்பட்ட செவிலியர் கழகத்தின் சான்றிதழ் பெற்றவராக இருத்தல் வேண்டும். 1923-ஆம் ஆண்டுச் சட்டத்தின் முதற்கூறு இங்குத் தொடர்ந்தது. இரண்டாம் கூறு கைவிடப்பட்டது.

4. ஒரே வரையறை, அதன் மூன்று கூறுகள்

நிறுவனத்துக்கு நிறுவனம் சொற்கள் வேறுபட்டதால் எழுந்த குழப்பத்தைத் தீர்க்க, காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் வளர்ச்சி ஆணையம் 2013-இல் தரப்படுத்தப்பட்ட வரையறைகளை வெளியிட்டது. அதன்படி மருத்துவர் என்பவர் (அ) மாநில மருத்துவக் கழகம், இந்திய மருத்துவக் கழகம், அல்லது அரசு அமைத்த இந்திய மருத்துவமுறைக் கழகம், ஓமியோபதிக் கழகம் ஆகியவற்றில் ஒன்றன் செல்லத்தக்க பதிவைப் பெற்றிருத்தல் வேண்டும். (ஆ) அதனால் அக்கழகத்தின் ஆட்சிவரம்புக்குள் தொழில் செய்யும் உரிமை உடையவராதல் வேண்டும். (இ) தம் உரிமத்தின் எல்லைக்குள் செயற்படுதல் வேண்டும்.

முதற்கூறு ஆளைப் பற்றியது. இரண்டாவது இடத்தைப் பற்றியது. மூன்றாவது செயலைப் பற்றியது. மூன்றாம் கூறின் பின்னணியை 1996-ஆம் ஆண்டின் பூனம் வர்மா வழக்கு விளக்குகிறது. ஓமியோபதியில் பதிவு பெற்றவர் அலோபதி மருந்து கொடுத்ததைத் தன்னளவிலேயே கவனக்குறைவு என உச்சநீதிமன்றம் அதில் கொண்டது. பதிவு உடையவரும் தம் முறையின் எல்லையைக் கடந்தால் அச்செயலைப் பொறுத்தவரை பதிவற்றவராகிறார் என்பதே இதன் சாரம்.

இவ்வரையறை தனித்து நிற்பதன்று. மருத்துவ ஆலோசனை, அறுவைச் சிகிச்சை, மருத்துவத் தேவையுள்ள சிகிச்சை, மருத்துவமனை ஆகியவற்றின் வரையறைகளும் ‘மருத்துவர்’ என்னும் சொல்லைச் சார்ந்தே அமைந்துள்ளன. ஆகவே அச்சொல்லில் இடம்பெறாதவரின் பரிந்துரையால் எழும் செலவு முழுவதும் ஒப்பந்தத்துக்கு வெளியே செல்லக்கூடும். மறுதலையாக, பதிவற்ற வைத்தியர் முன்பு கூறியது ‘மருத்துவ ஆலோசனை’ அன்று என்று கொண்டு, நோய் முன்னரே இருந்தது என்னும் நிறுவனத்தின் வாதத்தைக் காப்பீடு பெற்றவர் எதிர்கொள்ளவும் இதில் இடமுண்டு.

ஐயத்துக்கிடமான சொல்லை அதனை எழுதிய தரப்புக்கு எதிராகப் பொருள்கொள்வது காப்பீட்டுச் சட்ட மரபு. ஆனால் கழகங்களின் பெயர்களை வரிசைப்படுத்தும் வரையறையில் ஐயத்துக்கு இடம் குறைவு. எனவே அம்மரபின் பயனும் காப்பீடு பெற்றவருக்குக் குறைகிறது. மேலும், சிகிச்சை அளிப்பவர் காப்பீடு பெற்றவரின் நெருங்கிய உறவினராக இருத்தலாகாது என்பது போன்ற கூடுதல் கட்டுப்பாடுகளைச் சேர்க்க நிறுவனங்களுக்கு 2013-ஆம் ஆண்டு நெறிமுறை இடமளித்தது.

5. ஆள் ஏற்கப்பட்டும் இடம் ஏற்கப்படாமை

சித்த மருத்துவர் 2013-ஆம் ஆண்டு வரையறைக்குள் வந்தார். ஆயினும் அதே ஆண்டின் ஒழுங்குமுறை, ஆயுஷ் சிகிச்சை அரசு மருத்துவமனையிலோ, அரசின் ஏற்போ உரிய தரச்சான்றோ பெற்ற நிறுவனத்திலோ அளிக்கப்படுவதை வேண்டியது. ஒருவரின் கையொப்பம் செல்லும்; அவர் சிகிச்சை அளிக்கும் கட்டடம் செல்லாது என்ற நிலை பல சிறு மருத்துவமனைகளுக்கு நேர்ந்தது. பின்னர் ஆயுஷ் மருத்துவமனைக்கெனத் தனி வரையறை உருவாயிற்று. 2024 ஏப்ரல் 1 முதல் ஆயுஷ் சிகிச்சையைப் பிற சிகிச்சைகளுக்கு இணையாக நடத்த வேண்டும் என ஆணையம் அறிவுறுத்தியது. 1914-இல் மூடப்பட்ட கதவு முழுமையாகத் திறக்க நூற்றுப் பத்தாண்டுகள் ஆயின எனலாம்.

6. மருத்துவர் அல்லாத தொழில்முறையாளர்

தரப்படுத்தப்பட்ட வரையறைகள் மருத்துவருக்கு அடுத்தபடியாகச் செவிலியரை மட்டுமே தனித்து வரையறுக்கின்றன. 1926-ஆம் ஆண்டின் சென்னைச் செவிலியர் மற்றும் மருத்துவச்சியர் சட்டம் இரு பிரிவினரையும் பெயரிலேயே இணைத்திருந்தது. காப்பீட்டு வரையறையில் செவிலியர் எஞ்சினார், மருத்துவச்சி மறைந்தார்.

உளநலத் துறையில் இம்முரண் மேலும் கூர்மையாகிறது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், உடல்நோய்க்கு இணையாக மனநோய்க்கும் காப்பீடு வழங்கப்பட வேண்டும் என 21-ஆம் பிரிவில் விதிக்கிறது. அதே சட்டம் ‘மனநலத் தொழில்முறையாளர்’ என்னும் சொல்லில் மனநல மருத்துவரோடு, மாநில ஆணையத்தில் பதிவு பெற்ற மருத்துவ உளவியலாளர், மனநலச் செவிலியர், மனநலச் சமூகப் பணியாளர் ஆகியோரையும் அடக்குகிறது. சித்த மருத்துவத்தில் ‘சிறப்பு மருத்துவம்’ பயின்ற முதுநிலைப் பட்டதாரியும் அதில் இடம்பெறுகிறார். ஆனால் உளவியலாளர் காப்பீட்டு ஒப்பந்தத்தின் ‘மருத்துவர்’ அல்லர். நோய் காப்பீட்டுக்குள் வருகிறது. அதனைத் தீர்ப்போருள் ஒரு பகுதியினர் அதற்கு வெளியே நிற்கின்றனர்.

துணைநிலை மற்றும் நலவாழ்வுத் தொழில்முறையாளர்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் 2021-இல் வந்தது. இயன்முறை மருத்துவம், தொழில்வழிச் சிகிச்சை முதலிய பல தொழில்களுக்குப் பதிவேடு அமைக்க அது வழிசெய்கிறது. குறைந்தது 3,600 மணிநேரக் கல்வி பெற்றவரை ‘நலவாழ்வுத் தொழில்முறையாளர்’ எனவும், 2,000 மணிநேரக் கல்வி பெற்றவரைத் ‘துணைநிலைத் தொழில்முறையாளர்’ எனவும் அது பகுக்கிறது. பதிவேடு என்னும் அளவுகோலையே ஏற்பினும், இவர்களை ஒப்பந்தம் புறக்கணிப்பதற்கான பழைய காரணம் இதனால் வலுவிழக்கிறது.

கழகங்களைப் பெயர் சுட்டி வரையறுப்பதில் மற்றொரு இடரும் உண்டு. ஆணையம் 2020 ஜூலையில் வெளியிட்ட தொகுப்புச் சுற்றறிக்கை இந்திய மருத்துவக் கழகத்தைப் பெயர் குறிப்பிட்டது. அவ்வாண்டு செப்டம்பர் 25 அன்று அக்கழகத்தின் இடத்தைத் தேசிய மருத்துவ ஆணையம் பெற்றது. இரண்டு மாதங்களில் வரையறையின் ஒரு சொல் வரலாறாகிவிட்டது.

முடிவுரை

காப்பீட்டு ஒப்பந்தத்தின் ‘மருத்துவர்’ என்னும் சொல் மருத்துவ அறிவின் வரையறை அன்று. அரசின் ஏற்பு பற்றிய வரையறை. தகுதியற்றவரிடமிருந்து நோயாளியைக் காக்கும் பயன் அதற்கு உண்டு என்பதை மறுத்தற்கியலாது. எனினும் பதிவேடுகள் வெவ்வேறு காலங்களில், வெவ்வேறு போராட்டங்களின் விளைவாக உருவானவை. அவற்றை அப்படியே ஏற்கும் ஒப்பந்தம் அவற்றின் காலத்தாழ்வையும் சேர்த்தே ஏற்கிறது. அத்தாழ்வின் சுமை பதிவேட்டை எழுதியவர் மீதோ காப்பீட்டு நிறுவனத்தின் மீதோ விழாமல், தவணை செலுத்தி வந்த நோயாளியின் மீதே விழுகிறது.

கழகங்களைப் பெயர் சுட்டுவதற்கு மாறாக, ‘சட்டத்தால் நிறுவப்பட்ட பதிவேடு ஒன்றில் இடம்பெற்று, அதன் எல்லைக்குள் அச்சிகிச்சையை அளிக்க உரிமையுடையவர்’ என வரையறுத்தல் பொருத்தமானது. பதிவேடு இன்னும் முழுமையுறாத தொழில்களுக்கு அறிவிக்கையின் மூலம் இடமளிக்கும் கூறு ஒன்றையும் இணைக்கலாம். இது புதுமையான கருத்து அன்று. 1923-ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டம் அத்தகைய வழியை முன்பே வகுத்திருந்தது.