ஆஷ்காஷ்: 150 பேரும் 7 லட்சம் பேரும்

வலைப்பதிவு வச்சிருக்கற நமக்கெல்லாம் பொதுவா ஒரு வியாதி உண்டு. பதிவைப் போட்டுட்டு அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தரம் ஹிட் கவுண்டரை எட்டிப் பாக்கறது. எண் ஏறினா ஆனந்தம். ஏறலைன்னா, எழுதினதே குப்பையோன்னு சந்தேகம் :-) எனக்கு இந்த வியாதி கொஞ்சம் முத்தினதுதான். அதனாலேயே அமெரிக்காவின் ஆஷ்காஷ் விமானத் திருவிழா கதை மனசுக்கு நெருக்கமாயிடுச்சு.

1953. விஸ்கான்சின் மாநிலம், மில்வாக்கி. பால் போபரெஸ்னி என்ற விமானி, வீட்டுலயே சொந்தமா விமானம் கட்டற ஆசாமிகளைச் சேர்த்து ஈஏஏ என்ற சங்கத்தை ஆரம்பிச்சார். அந்த வருஷமே முதல் சந்திப்பு. வந்த விமானங்கள் இருபது சொச்சம். வந்த ஆட்கள் 150 கூட இல்லை. நம்ம பதிவர் சந்திப்பை விடக் கொஞ்சம் பெருசு, அவ்வளவுதான். 1959ல் இல்லினாய்ஸின் ராக்ஃபோர்டுக்குப் போனாங்க. அங்கேயும் இடம் பத்தாம 1970ல் ஆஷ்காஷ் வந்து சேர்ந்தாங்க. 1998லிருந்து பேர் 'ஏர்வென்ச்சர்'.

இது காரை நிறுத்திட்டு வேடிக்கை பாக்கற கண்காட்சியா ஆரம்பிச்சது இல்லை. விமானத்தை நீங்களே ஓட்டிட்டு வரணும். ரிப்பன் என்ற ஊர்லேர்ந்து ரயில் தண்டவாளத்தைப் பிடிச்சுக்கிட்டு, 1,800 அடி உயரத்துல, 90 நாட் வேகத்துல, ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா வரணும். ஃபிஸ்க் பக்கத்துல தரையில நிக்கற கட்டுப்பாட்டாளர், நிறத்தையும் மாடலையும் பாத்து "இறக்கையை ஆட்டு"ன்னு சொல்லுவார். ஆட்டினா அதுதான் வணக்கம். ஓடுபாதையில வண்ணப் புள்ளிகள் இருக்கும். சொன்ன புள்ளியில இறங்கி, புல்தரையில நிறுத்தி, இறக்கைக்கு அடியில கூடாரம் போட்டுக்கலாம்.

இப்ப எண்ணிக்கைக்கு வருவோம். 2009ல் 5,78,000 பேர். அந்த வருஷம் ஏ380 வந்தது, ஹட்சன் ஆத்துல விமானத்தை இறக்கின சல்லன்பெர்கரும் வந்தார். 2010ல் பேய்மழை. புல்தரை சேறாகி, பல விமானங்களை அக்கம்பக்கத்து விமான நிலையங்களுக்குத் திருப்பி விட்டாங்க. ஆனாலும் 5,35,000 பேர்! 2013ல் அரசாங்கம் செலவைக் குறைக்கறேன்னு சொல்லி, கட்டுப்பாட்டாளர்களுக்கான செலவா ஏறத்தாழ 4,50,000 டாலர் பில்லை ஈஏஏ தலையில கட்டியது. 2018ல் 6 லட்சத்தைத் தாண்டியது. 2020ல் கொரோனாவால திருவிழாவே இல்லை. 2022ல் 6,50,000, 2023ல் 6,77,000, 2024ல் 6,86,000, 2025ல் 7 லட்சத்துக்கும் மேல். ஊரோட மக்கள்தொகையே 67,000 தான்னு ஞாபகம் வச்சுக்கோங்க.

ஆஹா ஓஹோன்னு கைதட்டறதுக்கு முன்னாடி இன்னொரு எண்ணையும் பாருங்க. 1980ல் அமெரிக்காவுல உரிமம் வச்சிருந்த விமானிகள் 8,20,000க்கு மேல். 2016ல் 5,84,000 சொச்சம். 1986ல் செஸ்னா நிறுவனமே, வழக்குச் செலவு தாங்காம, ஒற்றை பிஸ்டன் இன்ஜின் விமானங்கள் செய்யறதை நிறுத்திடுச்சு. 1994ல் சட்டம் மாறின பிறகுதான் மறுபடி ஆரம்பிச்சாங்க. 2016க்கு அப்புறம் விமானிகள் கணக்கு ஏறியிருக்கேன்னு கேட்டா, அந்த வருஷம் மாணவ விமானி உரிமத்துக்குக் காலாவதியே கிடையாதுன்னு ஆக்கிட்டாங்க. பறக்கறதை விட்டவரும் கணக்குல நிக்கிறார். டேட்டாபேஸ்ல பழைய யூசரை டெலீட் பண்ணாம 'நம்ம கஸ்டமர்கள் இத்தனை பேர்'னு மீட்டிங்குல பீத்திக்கற கதைதான்.

ஆக, வேடிக்கை பாக்க வர்ற கூட்டம் பெருகியிருக்கு, ஓட்டறவங்க குறைஞ்சிருக்காங்க. 2022லிருந்து 18 வயசு வரைக்கும் அனுமதி இலவசம்னு படிச்சப்ப, 'ஹிட் ஏத்தற வேலை'ன்னு நானும் சிரிச்சேன்.

அப்புறம்தான் உறைச்சது. இதே ஈஏஏ 1992ல் 'யங் ஈகிள்ஸ்'னு ஒண்ணு ஆரம்பிச்சது. 8 முதல் 17 வயசுப் பிள்ளைகளை, தன்னார்வ விமானிகள் சொந்தச் செலவுல வானத்துல ஒரு சுத்து கூட்டிட்டுப் போவாங்க. 2016க்குள்ள 20 லட்சம் பிள்ளைங்க பறந்தாச்சு. பத்து வயசுல நான் பரங்கிமலை மேல நின்னு மீனம்பாக்கம் ரன்வேயைப் பாத்திருக்கேன். ஒவ்வொரு விமானமும் ஏறி மறையற வரைக்கும் பாத்துட்டு, இருட்டினதும் இறங்கி வந்துடுவேன். 'வா தம்பி, உள்ள உக்காந்து பாரு'ன்னு சொல்ல யாரும் இல்லை. இன்னிக்கு கீபோர்டு தட்டிக்கிட்டிருக்கேன் :-)

7 லட்சத்துல எத்தனை பேர் சும்மா பாத்துட்டுப் போனாங்க, எந்தப் பொடியன் விமானியாகப் போறான்னு எந்த கவுண்டராலும் சொல்ல முடியாது. 1953ல் வந்த அந்த 150 பேரை அன்னிக்கு யாரும் பெருசா மதிச்சிருக்க மாட்டாங்க. ஆனா அவங்க வந்ததாலதான் இவ்வளவும்.

இந்தப் பதிவுக்கு மட்டும் ஹிட் கவுண்டரைப் பாக்கறதில்லைன்னு முடிவு பண்ணியிருக்கேன். நாளைக்குக் காலை வரைக்கும் :-)