விமானி அறை ஒலிக் கட்டுப்பாட்டு அமைப்பு

விமானி அறை ஒலிக் கட்டுப்பாட்டு அமைப்பு என்பது வானூர்தியின் வானொலிகள், வழிகாட்டுக் கருவிகள், உட்தொடர்பு, எச்சரிக்கை ஒலிகள் ஆகியவற்றை ஒருங்கிணைத்து, ஒவ்வொரு விமானியும் எவற்றைக் கேட்பது, எதன் வழியாகப் பேசுவது என்பதைத் தெரிவு செய்ய உதவும் மின்னணு அமைப்பு ஆகும். பழைய வானூர்திகளில் குரல் குறிகை, விமானியின் அருகிலுள்ள பலகையின் நிலைமாற்றிகள் வழியாகவே சென்றது. எண்முறை அமைப்பில் அப்பலகை வழியாகக் குரல் செல்வதில்லை. விமானியின் கட்டளை மட்டுமே செல்கிறது. இவ்வமைப்பின் நன்மைகளுக்கும், பழுது நேர்ந்தால் அதற்கெனத் தனி மாற்றுவழி தேவைப்படுவதற்கும் இவ்வேறுபாடே காரணம்.

தேவை

பயணிகள் வானூர்தி ஒன்றில் பொதுவாக இரண்டு அல்லது மூன்று வி.எச்.எஃப். வானொலிகளும், கடல் கடந்த தொலைதூரத் தொடர்புக்கு எச்.எஃப். வானொலியும் இருக்கும். இவற்றுடன் விமானிகளுக்கு இடையிலான பேச்சு, பணிக்குழுவினரின் அழைப்பு, பயணிகளுக்கான அறிவிப்பு ஆகியவையும் உண்டு. தரையிலுள்ள வழிகாட்டு நிலையங்கள் தம்மை அடையாளம் காட்ட 1020 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் மோர்சு ஒலியை அனுப்புகின்றன. இவை அனைத்தும் ஒரே நேரத்தில் ஒரே காதில் விழுந்தால் எதுவும் விளங்காது. எனவே தேவையானவற்றை மட்டும் தெரிந்தெடுத்து, ஒவ்வொன்றின் உரப்பையும் தனித்தனியே அமைக்க வேண்டியுள்ளது.

உறுப்புகள்

* ஒலிக் கட்டுப்பாட்டுப் பலகை: ஒவ்வொரு விமானிக்கும் ஒன்று, கூடுதல் இருக்கையில் அமர்பவருக்கு மற்றொன்று. எதில் பேசுவது என்பதைப் பொத்தானும், எதை எவ்வளவு உரக்கக் கேட்பது என்பதைக் குமிழும் தீர்மானிக்கின்றன. கேட்பதற்குப் பலவற்றைத் தெரிவு செய்யலாம். பேசுவதற்கு ஒரு நேரத்தில் ஒன்று மட்டுமே.
* மையக் கருவி: மின்னணுக் கருவிகளுக்கான அறையில் பொருத்தப்பட்டிருக்கும். ஏர்பஸ் ஏ320 வானூர்தியில் இது ஒலி மேலாண்மை அலகு என்றும், போயிங் 737 புதுத் தலைமுறை வானூர்திகளில் தொலை மின்னணு அலகு என்றும் பொருள்தரும் பெயர்களால் அழைக்கப்படுகிறது.
* ஒலிவாங்கிகள், ஹெட்செட், ஒலிபெருக்கி: உயிர்வளி முகமூடியினுள்ளும் ஓர் ஒலிவாங்கி உண்டு. முற்காலக் கரித்தூள் ஒலிவாங்கிகள் இயங்குவதற்கு மின்னழுத்தம் தேவைப்பட்டது. இன்றைய வானூர்தி ஒலிவாங்கிகளும் அப்பழைய இணைப்புக்கு ஏற்பவே வடிவமைக்கப்படுகின்றன.

செயற்படும் முறை

விமானி ஒரு குமிழைத் திருப்பும்போது பலகையிலுள்ள நுண்செயலி அதன் நிலையை எண்ணாக மாற்றி, தரவுத் தடம் வழியாக மையக் கருவிக்கு அனுப்புகிறது. இதற்குப் பரவலாகப் பயன்படும் நெறிமுறைகளுள் ஒன்று ஏரிங்க் 429 ஆகும். இதில் ஒவ்வொரு செய்தியும் 32 பிட் நீளமுடையது; வேகம் நொடிக்கு 100 கிலோபிட் அல்லது ஏறத்தாழ 12.5 கிலோபிட். ஒரு கம்பியிணையில் தரவு ஒரு திசையில் மட்டுமே செல்லும்.

மையக் கருவி அக்கட்டளையைப் படித்து, உரிய வானொலியின் ஒலியைக் குறித்த உரப்பில் மற்ற ஒலிகளுடன் கலந்து விமானியின் காதுக்கு அனுப்புகிறது. தொடக்ககாலக் கருவிகளில் கட்டளை மட்டும் எண்முறையில் இருந்தது. குரல் ஒப்புமைக் குறிகையாகவே கையாளப்பட்டது. பிந்தைய கருவிகளில் குரலும் மாதிரிகளாக எடுக்கப்பட்டு எண்களாக மாற்றப்படுகிறது. ஓர் ஒலியின் மிகுந்த அதிர்வெண்ணைப் போல் இரு மடங்குக்கு மேலான வீதத்தில் மாதிரிகள் எடுத்தால் அதை மீட்டுருவாக்கலாம். பேச்சை விளங்கிக்கொள்ள ஏறத்தாழ 3000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியே போதும் என்பதால், நொடிக்கு 8000 மாதிரிகள் என்ற தொலைபேசி வீதம்கூடப் பேச்சுக்கு ஏற்றது. எண்ணாக மாறியபின் கலத்தல் என்பது கூட்டலும் பெருக்கலுமே. வழிகாட்டு நிலையம் ஒன்றில் பேச்சும் மோர்சு ஒலியும் சேர்ந்து வரும்போது, 1020 ஹெர்ட்ஸ் பகுதியை மட்டும் வடிகட்டி நீக்கிப் பேச்சைத் தெளிவாகக் கேட்கலாம்.

தன்குரல்

விமானி பேசும்போது அவரது குரல் அவரது காதிலும் ஒலிக்கும். பேச்சு முறையாகச் செல்கிறது என்பதை அவர் இதனால் உணர்கிறார். எண்முறைச் செயலாக்கம் ஒவ்வொரு படியிலும் சிறிது காலத்தாழ்வை உண்டாக்கும். தன் குரலை நொடியில் ஐந்தில் ஒரு பங்கு தாமதமாகக் கேட்பவருக்குப் பேச்சு தடுமாறும். ஆகவே இவ்வமைப்பில் காலத்தாழ்வு மிகக் குறைவாக வைக்கப்படவேண்டும்.

பழுது நேரும்போது

கட்டளை மட்டுமே பலகை வழியாகச் செல்வதால், பலகையோ மையக் கருவியோ பழுதானால் வானொலி நன்றாக இருந்தும் விமானி அதைப் பயன்படுத்த இயலாது. இதற்காக மாற்றுவழிகள் அமைக்கப்படுகின்றன. ஏர்பஸ் ஏ320 வானூர்தியில் ஒரு விமானியின் பலகை பழுதானால், அவர் நிலைமாற்றி ஒன்றைத் திருப்பி மூன்றாவது பலகையைப் பயன்படுத்தலாம். போயிங் 737 வானூர்தியில் மாற்று நிலையைத் தெரிவு செய்தால், எண்முறைக் கட்டுப்பாடு விலக்கப்பட்டு, விமானி குறித்த ஒரு வி.எச்.எஃப். வானொலியுடன் நேரடியாக இணைக்கப்படுகிறார். தெரிவுகள் அனைத்தும் போனாலும் தரையுடன் பேசும் வழி ஒன்று எஞ்சியிருக்கவேண்டும் என்பதே இதன் நோக்கம்.

வரம்புகள்

பலகையில் செய்யும் தெரிவு, வான்வழியில் நிகழும் மோதலைத் தடுக்காது. வானூர்தி வி.எச்.எஃப். குரல் தொடர்பு இன்றும் வீச்சுப் பண்பேற்றத்தையே பயன்படுத்துகிறது. ஒரே அலைவரிசையில் இருவர் ஒரே வேளையில் பேசினால் கேட்பவருக்குக் கிறீச்சிடும் ஒலியே மிஞ்சும். 1977 மார்ச் 27 அன்று தெனெரீஃப் வானூர்தி நிலையத்தில், கட்டுப்பாட்டாளரின் செய்தியும் ஓடுபாதையில் இருந்த பான் ஆம் வானூர்தியின் செய்தியும் இவ்வாறே ஒன்றையொன்று மறைத்தன. கே.எல்.எம். விமானிகளுக்கு அவை தெளிவாகக் கேட்கவில்லை. தொடர்ந்து இரு வானூர்திகளும் மோதியதில் 583 பேர் இறந்தனர். இவ்விபத்துக்கு வேறு காரணங்களும் உண்டு.

பேசும் பொத்தான் அழுத்திய நிலையில் சிக்கிக்கொண்டாலும் அலைவரிசை முழுவதும் அடைபடும். இதைக் குறைக்க, ஏறத்தாழ அரை நிமிடத்துக்கு மேல் ஒலிபரப்பு நீடித்தால் எச்சரிக்கை ஒலி எழுப்பி, பின்னர் ஒலிபரப்பைத் தானே நிறுத்தும் வசதி பல வானூர்திகளில் உள்ளது.

குரல்பதிவு

இவ்வமைப்பில் செல்லும் பேச்சு, விமானி அறைக் குரல்பதிவுக் கருவிக்கும் அனுப்பப்படுகிறது. பொதுவாக நான்கு தடங்களில் பதிவு நிகழும்: விமானி, துணை விமானி, மூன்றாவது இருக்கை ஆகியவற்றுக்கு ஒவ்வொன்று, நான்காவது அறையின் பொது ஒலிவாங்கிக்கு உரியது. விமானியின் ஹெட்செட்டில் கேட்ட ஒலியும் பதிவாவதால், அவர் என்ன பேசினார் என்பதுடன் அவருக்கு எது கேட்டது என்பதையும் புலனாய்வாளர்கள் அறியமுடிகிறது.